கைக்குழந்தையோட ஒத்திகைக்கு வர்றவங்க: எங்க நாடகக் குழுவுல நடந்தது

எங்க குழுவுல பதினாறு பேரு. கூடுறது நாகர்கோவில்ல, ஆனா ஆளுங்க வர்றது தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம், கொளச்சல்னு நாலா பக்கத்துல இருந்தும். யாருக்கும் நாடகம் தொழில் கிடையாது. டீச்சர் இருக்காங்க, எலக்ட்ரீசியன் இருக்காரு, ஜவுளிக்கடைல நிக்கிற பொண்ணு இருக்கா, குலசேகரம் பக்கத்துல ரப்பர் பால் வெட்டுற அண்ணன் ஒருத்தர் இருக்காரு. வருஷத்துக்கு ஒரு நாடகம், பெரும்பாலும் திருவிழா மேடை, ஒண்ணு ரெண்டு ஸ்கூல் ஹால். எனக்கு மேடைப் பொறுப்பு, அதாவது யார் எப்ப வரணும், சாமான் எங்க கிடக்கு, சாவி யார் கைல, டீ சொல்லியாச்சா எல்லாமே என் தலைலதான். போன வருஷம் எங்க நாடகத்துல முக்கிய வேஷம் கட்டுன பொண்ணுக்கு ஏழு மாசக் கைக்குழந்தை. அந்த ஆறு மாசத்துல எதுல தப்பு பண்ணோம், எது வேலைக்கு ஆச்சு, எது ஆகலன்னு விவரமா எழுதி வைக்கணும்னு தோணுச்சு. இத யாரும் எழுதி வைக்கறதே இல்ல, ஒவ்வொரு குழுவும் முதல்ல இருந்து அதே தப்ப பண்ணி ஒரு நல்ல நடிகைய இழந்துட்டு "பிள்ள பிறந்தாச்சுன்னா இனி அவ்வளவுதான்"னு சொல்லிட்டு அடுத்த ஆளத் தேடப் போயிருது.

நானும் அப்படிப் போனவதான். என் மூத்தவன் பிறந்தப்போ ஆறு வருஷம் நாடகப் பக்கமே வரல. யாரும் வராதன்னு சொல்லல, ஆனா ஏன் வரலன்னும் யாரும் கேக்கல. எங்க குழுவுலயே எனக்கப்புறம் ரெண்டு பேரு இதே மாதிரி காணாமப் போயிருக்காங்க, ஒருத்தி "வீட்ல சௌகரியப்படலக்கா"ன்னு சொன்னா, இன்னொருத்தி போனே எடுக்கல. ஆர்வம் குறைஞ்சிருச்சுன்னு நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம். அந்த முடிவு எவ்வளவு தப்புன்னு இந்தத் தடவதான் நோட்டுல கணக்கா கண்ணால பாத்தேன்.

விஷயம் இப்படி ஆரம்பிச்சுது. வேஷம் அவளுக்குத்தான்னு முன்னாடியே பேசி வச்சது. பிரசவம் முடிஞ்சு அவளே போன் பண்ணா, "அக்கா நான் வாறேன், ஆனா பாப்பாவ விட்டுட்டு வர முடியாது, இன்னும் பால் குடிக்கா"ன்னு. கூட்டிட்டு வா மக்கா, நாங்க எல்லாரும் இருக்கோம்லன்னு சொன்னேன். மனசாரச் சொன்னதுதான், ஆனா அது ஏற்பாடு ஆகாதுங்கறது எனக்கு அப்போ புரியல. முதல் நாள் ஒத்திகை ஆறரைக்குன்னு சொல்லியிருந்தோம், ஆள் சேர்ந்து ஆரம்பிக்க ஏழேகால், டைரக்டர் அண்ணன் முதல் சீன்லயே ரொம்ப நேரம் நின்னுட்டாரு, அவ சீன் வந்தப்போ மணி ஒம்பது தாண்டியிருச்சு. பாப்பா அதுக்குள்ள ரெண்டு தடவ தூங்கி ரெண்டு தடவ முழிச்சு, கொசு கடிச்சு கால் முழுக்கத் தடிப்பு. அவ வசனம் சொல்லும்போது பாப்பா எங்கிட்ட அழுதுது, அவ முகம் பார்ட்னர் பக்கம் இருக்கு, காது எங்க பக்கம் இருக்கு. ஒம்பதே முக்காலுக்கு ஆட்டோ பிடிச்சு அனுப்பி வச்சோம். டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாம ஆக்கி 2021ல இருந்து நம்மள மாதிரி ஆளுக்கு எவ்வளவு உதவின்னு சொல்லி முடியாது, ஆனா ஒம்பதே முக்காலுக்கு அவ ஊருக்குப் பஸ்ஸு இருந்தாத்தான?

ரெண்டு வாரம் இப்படியே ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் மெசேஜ் வந்துச்சு, வேற ஆள பாத்துக்கிடுங்கக்கான்னு.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. மறுநாள் அவளுக்குப் போன் பண்ணி, ஒரே ஒரு வாரம் குடு, நான் ஒண்ணு பாக்கணும்னு கேட்டேன். ஒரு நோட்டு வாங்கி நாலு ஒத்திகைக்கும் யார் எத்தன மணிக்கு உள்ள வந்தாங்க, எத்தன மணிக்கு சீன்ல ஏறுனாங்க, எப்ப இறங்குனாங்கன்னு நிமிஷக் கணக்குல எழுதுனேன். நாலு நாள்ல அவ ஹால்ல இருந்தது 12 மணி நேரம். சீன்ல நின்னது 2 மணி 40 நிமிஷம். மீதி ஒம்பது மணி நேரத்துக்கு மேல சும்மா ஓரமா உக்காந்து குழந்தைய ஆட்டிட்டு இருந்திருக்கா. பால் வெட்டுற அண்ணன் கணக்கு இன்னும் மோசம், அவருக்கு மொத்தமே 50 நிமிஷ வேலை, ஆனா நாலு நாளும் கடைசி வரை இருந்துட்டு, குலசேகரம் போய்ச் சேர்ந்து படுத்து, விடியுறதுக்கு முன்னால எழுந்து நெத்தில லைட்டு கட்டிட்டு ரப்பர் தோட்டத்துக்குப் போயிருக்காரு. ஒரு நாள் கூட ஒரு வார்த்த சொன்னதில்ல. அவர்கிட்ட நோட்டக் காட்டினப்போ, "நீங்கல்லாம் இருக்கியள்லா, நான் மட்டும் எப்பிடிப் போவேன்"ன்னாரு.

அந்த நோட்டு டைரக்டர் அண்ணன் கைக்குப் போச்சு. அவர் கோவப்படுவாருன்னு நெனச்சேன், படல. பக்கத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு.

பொதுவா ஒத்திகைக்கு எல்லாரையும் கூப்பிட்டு வச்சுக்கறது நமக்குப் பழக்கமாவே ஆயிருச்சு. அது எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சா, தமிழ் நாடகம் வளந்ததே கம்பெனி முறைலதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல மதுரைல தொடங்குன சபா மாதிரி பாய்ஸ் கம்பெனிகள்ல சின்னப் பையன்களச் சேத்து, அங்கயே சோறு, அங்கயே படுக்கை, அங்கயே பாடம். டி.கே.எஸ். சகோதரர்கள் அப்படி வளந்து வந்தவங்கதான், நம்ம நாகர்கோவில் ஒழுகினசேரி கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் அவங்க கம்பெனில நடிச்சவருதான். கலைக்கு அது குடுத்தது பெருசு, நான் குறைச்சுச் சொல்லல. ஆனா கம்பெனி வீட்டுலயே படுத்து எழும்புற பையன்களுக்காக அமைஞ்ச நேர ஒழுங்கு அது. வீட்டுல பிள்ள பால் தேடி அழுற ஒருத்தி அதுல எங்கயுமே கிடையாது. இத்தன வருஷம் கழிச்சும் அதே ஒழுங்கத்தான் நாம "அர்ப்பணிப்பு"ன்னு பேரு வச்சு எல்லார் மேலயும் போடுறோம்னு எனக்குத் தோணுது.

இதே மாவட்டத்துல நேர் எதிரான ஒரு பழக்கமும் இருக்கு பாருங்க. தோல்பாவைக்கூத்து. மராத்தி தாய்மொழியாக் கொண்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா நம்ம ஊர்கள்ல ஆடிட்டு வர்றது. குடும்பமே குழு. திரைக்குப் பின்னால வீட்டுக்காரர் பாவைய ஆட்டுவாரு, வீட்டுக்காரம்மா பாவை எடுத்துக் குடுத்துட்டே கூடப் பாடுவாங்க, பிள்ளைங்க பக்கத்துலயே கிடந்து தூங்கும், கொஞ்சம் வளந்தா தாளத்துல உக்காந்துரும். இத ரொம்ப அழகாக்கிச் சொல்லவும் எனக்கு மனசு இல்ல, ஊர் ஊராப் போற பொழப்புல பிள்ளைங்க படிப்பு பட்ட பாடு கொஞ்சமா இருந்திருக்காது. ஆனாலும் கலைஞருக்குப் பிள்ள உண்டுங்கறது அங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சாதாரண விஷயம். பொம்பள ராத்திரி மேடை ஏறுறதும் நம்ம ஊருக்குப் புதுசு இல்ல, 2018ல காலமான வில்லுப்பாட்டுக் கலைஞர் பூங்கனி அம்மா சின்ன வயசுல இருந்தே கோயில் கொடை விழா ஒவ்வொண்ணாப் போய் வில்லடிச்சுப் பாடினவங்கதான்.

சரி, நாங்க என்ன செஞ்சோம்னு வாறேன்.

முதல்ல நாடகத்த வேற மாதிரி வெட்டுனோம். பதினாலு சீன் இருந்துச்சு. யார் உள்ள வர்றாங்க, யார் வெளிய போறாங்கன்னு பாத்து, ஆள் மாறுற இடத்துல எல்லாம் ஒரு கோடு போட்டா 23 துண்டு வந்துச்சு. ஒரு பெரிய சார்ட் பேப்பர்ல மேல துண்டு நம்பர், இடது பக்கம் ஆள் பேரு, யார் எதுல இருக்காங்களோ அங்க டிக். சுவத்துல ஒட்டிப் பாத்தா அவ ஒம்பது துண்டுல மட்டும்தான் இருக்கா, நாடகம் முழுக்க அவதான்னு நாங்க எல்லாரும் நம்பிட்டு இருந்தோம். அந்த ஒம்பதுல ஆறு ஒரே ரெண்டு பேரோட. அப்போ மூணு பேரு மட்டும் ஒண்ணரை மணி நேரம் வந்தா ஆறு துண்டு முடிஞ்சுரும். டைரக்டர் அண்ணனுக்கு முதல்ல வரிசை மாத்தி எடுக்கறது பிடிக்கல, நாடகத்தோட ஓட்டம் போயிரும்னாரு. ஓட்டத்துக்குக் கடைசி மூணு வாரம் முழு ஒத்திகை வச்சுக்கலாம், அதுவரைக்கும் துண்டு துண்டா எடுப்போம்னு முடிவாச்சு. உண்மைய சொன்னா நடிப்பே நல்லா ஆயிருச்சு, மூணே பேரு இருக்கும்போது அண்ணன் பொறுமையா சொல்லிக் குடுத்தாரு, பதிமூணு பேரு சுத்தி உக்காந்து வேடிக்க பாக்குற கூச்சமும் இல்ல.

நேரத்துக்குத்தான் பெரிய பாடு. ஞாயிறு காலைலன்னு யாரோ சொன்னாங்க, குமரி மாவட்டத்துல அது எப்பிடி நடக்கும், பாதிப் பேரு சர்ச்சுக்குப் போயிருவாங்க. கடைசில ஞாயிறு மத்தியானம் ரெண்டரைல இருந்து அஞ்சரை, அப்புறம் கிழமைல ரெண்டு நாள் சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழுன்னு நின்னுச்சு. ரெண்டரைக்கு வச்சதுல ஒரு பெரிய லாபம், பாப்பா சாப்பிட்டுத் தூங்குற நேரம் அது. ஜவுளிக்கடை பொண்ணுக்குத்தான் சாயங்காலம் கஷ்டமாப் போச்சு, அவ துண்டு எல்லாத்தையும் ஞாயித்துக்கிழமைக்கு மாத்தி வச்சோம், அதுலயும் ரெண்டு மட்டும் கடைசி வரை சரியா அமையல.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடுத்த பதினஞ்சு நாளைக்கு உள்ள நேரத்த எழுதி குரூப்ல போடுவோம், அவளுக்கு மட்டும் பேப்பர்லயும். பேப்பர் அவ மாமியாருக்காக. நானே கொண்டு போய் அவங்க கைல குடுத்தேன். கண்ணாடி போட்டு முழுசா வாசிச்சுட்டு, "ஏழு மணின்னு எழுதித் தந்திருக்கிய. ஏழுன்னா ஏழுக்கு இறங்கணும், எட்டாச்சுன்னா அடுத்த நாள் நான் விடமாட்டேன் பாத்துக்கிடுங்க"ன்னாவ. நியாயமான பேச்சு. அவங்க நாடகத்துக்கு எதிரின்னு நாங்க நெனச்சிட்டு இருந்தோம், அவங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு நம்பர் மட்டும்தான். ஒரே ஒரு தடவ ஏழேமுக்கால் ஆயிருச்சு, மழை, ஆட்டோ கிடைக்கல, நானே கூடப் போய் வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்.

குழந்தைய யார் பாக்கறதுங்கறது அடுத்த விஷயம். முதல்ல "நாம எல்லாரும் பாத்துக்கலாம்"னு இருந்தோம், எல்லாரும்னா யாரும் இல்லன்னு ரெண்டே நாள்ல தெரிஞ்சு போச்சு. ஹால் பக்கத்துத் தெருவுல ஒரு அம்மா, பேரப் பிள்ளைங்க எல்லாம் வளந்தாச்சு, அவங்கள வரச் சொன்னோம். ஒரு தடவைக்கு 300 ரூபாய். முதல்ல அவளே குடுத்துட்டு இருந்தா, அது எனக்கு மனசுக்கு ஒப்பல. நாடகக் கணக்கு நோட்டுல டீ வடைக்கு ஒரு வரி இருக்கு, வேனுக்கு ஒரு வரி, மைக் செட்டுக்கு ஒரு வரி. இதுக்கும் ஒரு வரி போட்டோம். குழுவுல கொஞ்சம் முணுமுணுப்பு வந்துச்சு, ஒருத்தர் பிள்ளைக்கு எல்லாரும் எதுக்குக் குடுக்கணும்னு. எலக்ட்ரீசியன் அண்ணன்தான் எழும்பி, லைட்டு எரியாம நாடகம் நடக்காதுன்னு எனக்கு வயர் வாங்கித் தாறிய, அவ இல்லாம நடக்குமான்னு கேட்டாரு, அதோட பேச்சு நின்னுச்சு.

ஹாலுக்குப் பின்னால ஒரு ஸ்டோர் ரூம். அத ஒதுக்கி, ஜன்னல் கம்பிலயும் எதிர்ச் சுவத்துக் கொக்கிலயும் கயிறு போட்டு சேலைத் தொட்டில் கட்டுனோம். கொக்கிய நானே தொங்கிப் பாத்த பிறகுதான் பிள்ளையப் போட்டது. உள்ள தாழ்ப்பாள், கொசுவலை, ஒரு நாற்காலி, தண்ணி. அவ சொன்ன ஆள் தவிர வேற யாரும் பிள்ளைய அந்த ரூம்ல இருந்து தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு. ஆசைலதான் தூக்குவாங்க, தெரியும், இருந்தாலும் கூடாது. ஏத்தங்கா, அதாவது நேந்திரங்காய், பொடிக் கூழ் வீட்ல இருந்து வரும். பால் பீச்சி வைக்கறதுக்கு ஒரு சின்ன தெர்மாகோல் பெட்டி ஐஸ் போட்டு, மீன் வியாபாரம் நடக்குற ஊருல அது கிடைக்கறதுக்கா பஞ்சம். வெளிய வச்சா நாலு மணி நேரம்தான் தாங்கும்னு டாக்டருங்க சொல்லுவாங்க, நம்ம ஊர்ப் புழுக்கத்துல அதக்கூட நம்பி இருக்க வேண்டாம்னு பட்டுச்சு.

மேடை விஷயத்துல எனக்கே தெரியாத ஒண்ணு நடந்துச்சு. முதல் முழு ஒத்திகைல ஒரு அழுகைக் காட்சி, பின்னால பாப்பா லேசா சிணுங்குச்சு, இங்க இவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைஞ்சு போச்சு. முந்தானைய இழுத்துப் போட்டுட்டு சீன முடிச்சுட்டா, ஆனா வெளிய வந்து கூச்சத்துல அழுதா. அதுக்கப்புறம் உடுப்ப மாத்துனோம். முன்னால கொக்கி வச்ச ரவிக்கை, உள்ள துணி மடிச்சு வைக்க ரெண்டு பக்கமும் பை, அடர்த்தியான கலர், நனைஞ்சாலும் தெரியாது. கூடுதலா இன்னொரு ரவிக்கை அதே துணில. டெய்லருக்குக் கூலி கொஞ்சம் கூடுச்சு, அவ்வளவுதான். மேக்கப்பும் அப்படித்தான், அரிதாரம் பூசுறதுக்கு முன்னால பால் குடுத்துரணும், பூசின பிறகு குடுக்கணும்னா கழுத்து நெஞ்சு எல்லாம் துடைச்சுட்டுத்தான். அரங்கேற்றத்தன்னிக்கு நேரம் இல்லாத அவசரத்துல இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வராது, அதனால ஓடுற வரிசைப் பேப்பர்லயே "7.40 பால்"னு எழுதிட்டோம். வசனம், லைட்டு, பாட்டு மாதிரி அதுவும் ஒரு வரி.

கொளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர்த் திருவிழாவுல போட்டப்போ மட்டும் பயந்துட்டேன். மேடைக்குப் பின்னால உள்ள ஒரே மறைவான இடம் ஜெனரேட்டர் பக்கத்துல. அந்தச் சத்தத்துலயும் புகைலயும் பிள்ளைய எப்பிடிப் போட? கமிட்டிக்காரர்ட்ட சொன்னதும் எதிர்த்த வீட்டுல பேசி ஒரு ரூம் திறந்து விட்டாவ, அந்த வீட்டு ஆச்சி "இங்க கிடக்கட்டும், நீ போய் நல்லா ஆடு மோளே"ன்னு சொல்லிப் பிள்ளைய வாங்கிக்கிட்டாவ. இப்பல்லாம் மேடை புக் பண்ண வர்றவங்கட்ட கரண்ட் எத்தன வாட்ஸ்னு கேக்கறதோட சேத்து, ஒரு ரூம் வேணும், ஜெனரேட்டர்ல இருந்து தள்ளின்னும் கேட்டுருறேன். இதுவரை யாரும் முடியாதுன்னு சொன்னதில்ல.

வேலைக்கு ஆகாததும் உண்டு. ஹால் மூலைல பிள்ளைங்களுக்கு விளையாட இடம் ஒண்ணு வச்சோம், மத்தவங்க பிள்ளைங்களும் வந்துச்சு, நாலு வயசு, அஞ்சு வயசு, ஒத்திகை நடக்கவே இல்ல. நடிக்கிற இடமும் பிள்ள இருக்கிற இடமும் சுவரு வச்சுப் பிரிஞ்சு இருக்கணும். இன்னொண்ணு, அவளுக்கு மாத்து ஆள் ஒண்ணு தயார் பண்ணோம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமப் போனா வேணும்ல. ஆனா மேடையே இல்லாம சும்மா வசனம் மட்டும் படிச்சு வைன்னா எந்தப் பிள்ள மனசு வச்சு படிக்கும்? அது தப்பு, எங்க தப்பு. ஆறு மேடைல ரெண்டு உனக்குன்னு முதல்லயே எழுதிக் குடுத்த பிறகுதான் அவளும் இஷ்டமா வந்தா. இவளுக்கும் அந்த ரெண்டு நாள் நிம்மதி.

ஆம்பளைங்கள பத்தி நான் யோசிக்கவே இல்ல, அதயும் சொல்லிருறேன். லைட்டு பாக்குற தம்பி மாசத்துக்கு நாலஞ்சு நாள் வரமாட்டான், காய்ச்சல்னு சொல்லுவான், நாங்களும் பொறுப்பில்லாதவன்னு பேசியிருக்கோம். நேரப் பேப்பர் போட ஆரம்பிச்சப்போ எல்லார்ட்டயும் ஒரே கேள்வி கேட்டேன், வீட்ல யாரயாவது பாத்துக்க வேண்டியது இருக்கா, எந்தக் கிழமைன்னு. அப்பத்தான் தனியா வந்து சொன்னான், அவன் வீட்டுக்காரி நர்ஸு, நைட் டியூட்டி அன்னைக்கு ரெண்டு வயசுப் பையன இவன்தான் பாக்கணும். ஆம்பள இத சொல்லிட்டு நாடகத்துக்கு வராம இருந்தா சிரிப்பாங்கன்னு நெனச்சிருக்கான். இன்னொருத்தர் வாதம் வந்து படுக்கைல கிடக்குற அப்பாவ பாத்துக்கறாரு. கேட்டாத்தான் தெரியுது.

பாக்க வர்ற அம்மா அப்பாக்களுக்காக ஸ்கூல் ஹால்ல ஒரு மத்தியானக் காட்சியும் வச்சோம், மூணு மணிக்கு. முன்னால ரெண்டு வரிசை நாற்காலிய எடுத்துட்டுப் பாய் விரிச்சோம், விளக்க முழுசா அணைக்கல, கதவு திறந்தே கிடந்துச்சு, மைக் சத்தத்தையும் செண்டை மேளத்தையும் நல்லாக் குறைச்சோம். கொடை விழாவுல வில்லுப்பாட்டுக் கேக்க அம்மாமாருக பிள்ளைங்களோட பாய்ல கிடந்து, தூங்கி, முழிச்சு, திரும்பக் கேப்பாங்கல்ல, அதே மாதிரிதான். ஹாலுக்குள்ள வந்ததும் "குழந்தைகளைக் கொண்டு வர வேண்டாம்"னு நோட்டீஸ்ல போட ஆரம்பிச்சது நாமதான். அன்னைக்கு வந்தவங்கள்ல ஒரு அக்கா, பிள்ள பிறந்து மூணு வருஷத்துல முதல் தடவையா ஒரு நாடகம் முழுசாப் பாத்தேன்னு சொன்னாங்க. நடிக்கறவங்களுக்கு முதல் பத்து நிமிஷம் தடுமாற்றம் இருந்துச்சு, ஒரு குட்டிப் பையன் ராஜா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிட்டான், ராஜாவும் அவனுக்குத் தலையாட்டிட்டு அடுத்த வசனத்துக்குப் போனாரு.

சட்டம் எங்கள மாதிரி ஆளுங்களத் தொடாது. 2025 வரை நடப்புல இருந்த 1961 மகப்பேறு நலச் சட்டம் வேலைக்குத் திரும்புற அம்மாவுக்கு, பிள்ளைக்கு 15 மாசம் ஆகுறவரை, தினமும் ரெண்டு தடவ பால் குடுக்க இடைவேளை தரச் சொல்லுச்சு. 2017 திருத்தத்துல விடுப்பு 26 வாரமாச்சு, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல குழந்தைகள் காப்பகம் வேணும்னும் வந்துச்சு. சம்பளமே இல்லாத பதினாறு பேர் குழு எந்தக் கணக்குலயும் வராது. இருந்தாலும் அந்த ரெண்டு இடைவேளை, 15 மாசம்ங்கறத நாங்க அப்படியே எடுத்துக்கிட்டோம், புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கல. இங்கிலாந்துல 2015ல இருந்து மேடைக் கலைஞர்கள்ல பெற்றோரா இருக்கறவங்களுக்காகவே பிபான்னு ஒரு அமைப்பு இயங்குது. தொழிலா நாடகம் நடக்குற, சம்பளம் குடுக்குற ஊருலயே தனியா ஒரு அமைப்பு வேண்டியிருக்குன்னா, நாம வாய்ப் பேச்சுல விட்டுட்டு இருந்தா எப்பிடி ஆகும்.

இன்னும் தீராதது வெளியூர். திருச்சில ஒரு மேடை வந்துச்சு, ராத்திரி ட்ரெயின், ரெண்டு நாள், எல்லாருக்கும் ஒரே மண்டபத்துல படுக்கை. அவ வரல, மாத்து ஆள்தான் போனா. தனி ரூம், கூட ஒரு ஆளுக்கு டிக்கெட், அதுக்கு எங்ககிட்டப் பணம் இல்ல. அடுத்த தடவ மேடைக்காரங்ககிட்ட முதல் போன்லயே கேட்டுப் பாக்கணும்னு இருக்கேன்.

புது நாடகத்துக்கு அடுத்த மாசம் கூடுறோம். அவ வர்றா. பாப்பா இப்ப நடக்கா, தொட்டில்ல எல்லாம் இனி கிடக்க மாட்டா. ஸ்டோர் ரூம் வாசலுக்கு முழங்கால் உயரத்துல ஒரு தட்டிப் பலகை போடணும், தரைல கிடக்குற வயர் அத்தனையையும் மேல தூக்கிக் கட்டணும். எலக்ட்ரீசியன் அண்ணன் போன ஞாயித்துக்கிழமையே வந்து டேப் வச்சு அளந்துட்டுப் போயிருக்காரு.